சொந்தக் காசில் ஒரு போறணை

வவுனியாவில் இப்போது யார் வீடு கட்டினாலும் பெட்டிதான். குருமன்காட்டுப் பக்கம் ஒரு பின்னேரம் நடந்து பாருங்கள். கூரை கண்ணில் படக்கூடாதாம். அதை மறைக்க நாலு பக்கமும் சுவர் எழுப்புகிறார்கள். தாவாரம் இல்லை. விறாந்தை இல்லை. முன்னுக்கு ஆளுயரக் கண்ணாடி, அதுவும் திறக்காத கண்ணாடி, மேற்குப் பார்த்தபடி. இதுதான் 'மொடேன்' வீடாம்.

பிளான் பெரும்பாலும் கனடாவில் இருக்கும் தம்பி அனுப்பிய படம். அங்கே வீட்டுக்குள் சூட்டைப் பிடித்துவைக்கப் பாடுபடுகிறார்கள், இங்கே வெளியேற்றப் பாடுபடவேண்டும். ஆனால் காசு அவனுடையது, ஆகவே யாரும் வாய் திறப்பதில்லை. எங்கள் சொந்தத்துக்குள் ஒரு வீட்டுக்கு, "மேற்காலையாவது ஒரு விறாந்தை இறக்குங்கோ" என்று சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் பழைய ஆக்களின்ர வேலை அண்ணை, முகப்பைக் கெடுத்துப்போடும்" என்றார் மேசன். குடிபுகுந்த சித்திரையிலேயே வீட்டுக்காரர் பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். முகப்பு கெடவில்லை.

வருடத்தில் இரண்டு தரம், சித்திரைப் பிறப்பை ஒட்டியும் ஆவணியிலும், சூரியன் எங்களுக்கு நேர் உச்சியில் நிற்கிறது. மத்தியான வெயில் முழுவதும் கூரைக்குத்தான். கொங்கிறீற் கூரை பகலில் குடித்த சூட்டை இரவெல்லாம் கக்கும். தகரமும் அஸ்பெஸ்டஸும் அதுவரை காத்திருக்காது, உடனேயே இறக்கிவிடும். உயர்ந்த ஓட்டுக்கூரையும் முகட்டோரம் சூடு போக ஒரு வழியும் இருந்தால் பாதித் தொல்லை தீரும். வைகாசியில் தொடங்கும் சோளகம் சும்மா கிடைக்கிற காற்று. அது வருகிற தென்மேற்கு மூலையில்தான் குளியலறையைக் கட்டி அடைக்கிறார்கள்! அலுமினியத் தள்ளு யன்னலோ எப்படித் தள்ளினாலும் பாதிதான் திறக்கும். மாரி வந்தால் மறைத்த கூரையின் பீலியில் சருகு அடைத்து மழை வீட்டுக்குள். முற்றத்து வேம்பையும் தறித்து இன்டர்லொக் கல் பதித்தாயிற்று. பிறகென்ன, ஏசியும் கரண்ட் பில்லும்தான்.

எனக்குப் பொறுக்காதது இதுதான். போருக்குப் பிறகு வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் தருகிறோம் என்று அரசாங்கம் வந்தபோது, 2016இல், நாங்கள் எவ்வளவு கத்தினோம்! எங்கள் வெயிலுக்கு ஒத்துவராது, காற்றோட்டம் இல்லை என்றோம். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலாளர்களும் குறை சொன்னார்கள். செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் கூடாரத்திலும் தகரத்துக்குக் கீழும் வெந்த சனத்துக்கு அதை யாரும் படிப்பிக்கத் தேவையிருக்கவில்லை. அதே சனம் இன்று வங்கிக் கடன் எடுத்து அதே போறணையைச் சீமெந்தில் கட்டுகிறது.

பழைய நாற்சார் வீட்டுக்குத் திரும்பச் சொல்லவில்லை. கொழும்பில் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் எனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடு நடுமுற்றமும் ஓட்டுக்கூரையும் அகன்ற தாவாரமும் கொண்டது. நவீனம் என்று உலகமே வந்து பார்த்தது. எங்களுக்கு மட்டும் நவீனம் என்றால் பெட்டி.

கட்டப்போகிறவர்களே, அத்திவாரம் வெட்டுமுன் பின்னேரம் மூன்று மணிக்கு அந்த வெறுங்காணியில் போய் நில்லுங்கள். வெயில் எந்தச் சுவரில் விழும், காற்று எந்தப் பக்கத்தால் வரும் என்று பாருங்கள். பிளானைக் கீறுகிறவரிடம் அதை முதலில் சொல்லுங்கள். மேற்குச் சுவருக்கு மூன்றடித் தாவாரமாவது விடும்வரை மேசனை விடாதீர்கள்.