உள்ளங்கை வியர்வை

பரீட்சை மண்டபத்தில், கையின் கீழ்க் கைக்குட்டை விரித்து எழுதிக்கொண்டிருந்தான் ஒரு மாணவன். விடைத்தாள் நனைந்து எழுத்துகள் கலைந்திருந்தன. அச்சமென எண்ணினோம், தவறு எமதே. வியர்வைச் சுரப்பிகளை நரம்புகள் மிகையாகத் தூண்டுவதால் வருவது இது. உறங்கும்போது பெரும்பாலும் நின்றுவிடும். அலுமினியம் குளோரைட்டுக் கரைசலை வைத்தியரைக் கேட்டு, இரவில் நன்கு உலர்ந்த கையிற் பூசிக் காலையிற் கழுவலாம். ஈரக்கையிற் பூசினால் எரியும். இதற்கும் அடங்காவிடில், நீரிற் கைவைத்து மெல்லிய மின்னோட்டம் செலுத்தும் சிகிச்சை உண்டு. நரம்பைத் துண்டிக்கும் சத்திரசிகிச்சைக்கு அவசரப்படலாகாது. கை உலர, முதுகும் வயிறும் வியர்க்கத் தொடங்குவதுண்டு. உறக்கத்திலும் உடல் நனைந்து, காய்ச்சலோ மெலிவோ சேர்ந்தால் அது வேறு நோயாகலாம். உடனே வைத்தியரிடம் காட்டுக. அம்மாணவனுக்கு அன்று நாம் கொடுத்தது மேலதிகத் தாள் ஒன்று மட்டுமே.