இரண்டு மணி நேரத்தில் மாமல்லபுரமா?

சென்னையில் காலை எட்டரைக்குக் கார் ஏறினால் பத்தரைக்கு மாமல்லபுரம். பன்னிரண்டரைக்குள் கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைக் கல் எல்லாம் முடிந்துவிடும். பிறகு ஒரு சிற்பக் கடை, மீன் வறுவலோடு சாப்பாடு, நாலு மணிக்கு வீடு. கார், டிரைவர், கைடு எல்லாம் சேர்த்து ஒரே தொகை. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினருக்கு ஊரைக் காட்ட நினைக்கும் குடும்பங்களும், இரண்டு நாள் கூட்டத்துக்கு வந்து மூன்றாம் நாள் விமானம் ஏறுகிறவர்களும் இன்று மாமல்லபுரத்தைப் பார்ப்பது பெரும்பாலும் இப்படித்தான். இதில் என்ன குறை என்று கேட்கத் தோன்றும். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை அர்ச்சுனன் தபசுக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்றோம். அதன்பின் இந்தத் தலையங்கத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒரு குடும்பம் வந்தது. பாட்டி, மகன், மருமகள், பத்து வயதுப் பேரன். கூடவே ஒரு கைடு. "இது மொத்தமும் ஒரே கல்லு சார். பாண்டவருங்க வனவாசம் வந்தப்ப இங்கதான் தங்கினாங்க. அர்ஜுனன் தவம் பண்ணின இடம் இது. அதனாலதான் பக்கத்துல பஞ்ச பாண்டவர் ரதம் இருக்கு" என்றார். பையன் பாறையின் ஒரு மூலையைக் காட்டி, "அங்கிள், அந்தப் பூனை ஏன் கையத் தூக்கிட்டு நிக்குது?" என்று கேட்டான். "அது சும்மா டிசைன் தம்பி. வாங்க, வெயில் ஏறுது. உருண்டைக் கல்லுகிட்ட போட்டோ எடுத்துக்கலாம்." வந்ததிலிருந்து போனது வரை பதினொரு நிமிடம்.

அது டிசைன் அல்ல. பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்வதுபோல் நடிக்கும் பூனை அது. அதன் காலடியில் எலிகள் அதை நம்பிச் சூழ்ந்திருக்கின்றன. எலிகளை ஏமாற்றித் தின்ற அந்தத் தவப் பூனையின் கதை மகாபாரதத்தில் வருகிறது. போலிச் சாமியாரைப் பார்த்து நாம் 'ருத்திராட்சப் பூனை' என்று சொல்கிறோமே, அதே பூனைதான். பக்கத்தில் நின்ற பாட்டி அந்தச் சொல்லை வாழ்நாளில் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். அதே பாறையில் மேலே, ஒற்றைக்காலில் நின்று, விலா எலும்பு தெரிய மெலிந்து, கைகளை உயர்த்தி உண்மையாகத் தவம் செய்கிறான் ஒருவன். நிஜத் தவத்தையும் பொய்த் தவத்தையும் ஒரே பாறையில் வைத்த சிற்பியின் துணிச்சலையும் குறும்பையும் அந்தப் பையனுக்குக் காட்ட ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் அவனுக்குக் கிடைக்கவில்லை.

அது ஒரே கல்லும் அல்ல. அருகருகே கிடக்கும் இரண்டு பெரும் பாறைகள். நடுவில் ஒரு பிளவு. ஏறத்தாழ நூறடி அகலத்துக்கு விரிந்த அந்தச் சிற்பத்தின் உயிரே அந்தப் பிளவில்தான் இருக்கிறது. தேவர்களும் வேடர்களும் யானைகளும் சிங்கங்களும் அதை நோக்கியே திரும்பியிருக்கின்றன. பிளவுக்குள் நாகர்கள் கைகூப்பி மேலே வருகிறார்கள். பாறையின் உச்சியில் நீர் தேக்கிய தொட்டியின் அடையாளம் உண்டு. அங்கிருந்து நீர் பிளவில் இறங்கியிருந்தால், தவம் செய்கிறவன் பாசுபதம் கேட்ட அர்ச்சுனனா, கங்கையைக் கொண்டுவந்த பகீரதனா? அறிஞர்கள் இன்றும் முடிவுக்கு வராத கேள்வி இது. முடிவு தெரியாவிட்டால் என்ன, இந்தக் கேள்வியைப் பார்வையாளர் கையில் கொடுத்துவிட்டால் அவர் அந்தப் பாறையை விட்டு நகரவே மாட்டார்.

ஐந்து ரதத்திலும் இதே கதைதான். அவை தேரும் அல்ல, பாண்டவருக்கும் அவற்றுக்கும் தொடர்பும் இல்லை. அந்தப் பெயர்கள் பிற்காலத்தில் மக்கள் வாயில் வந்தவை. திரௌபதி ரதம் கூரைவீட்டு வடிவில் குடைந்த கொற்றவை கோயில். உள்ளே ஒருவன் தன் தலையையே பலி கொடுக்க முனைந்து மண்டியிட்டிருக்கிறான். சகாதேவ ரதம் யானையின் பின்புறம் போல வளைந்த தூங்கானை மாடம். அது விளங்கட்டும் என்பதுபோல் பக்கத்திலேயே ஒரு கல் யானை நிற்கிறது. கட்டடம் கட்டுகிறவன் அடியிலிருந்து மேலே போவான். இங்கே சிற்பி உச்சியில் தொடங்கிக் கீழே இறங்கினான். அதனால்தான் மேல்தளம் நகைவேலை போல் இருக்க, அடிப்பகுதி முடியாமல் கரடாக நிற்கிறது. ஏன் பாதியில் நின்றது, எந்த மன்னன் எதைத் தொடங்கினான் என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. மகேந்திரன், மாமல்லன், பரமேசுவரன், இராசசிம்மன் என்று பல பல்லவ மன்னர்கள் காலத்தில் பங்கிட்டுப் பார்ப்பது வழக்கம். மாமல்லபுரம் முழுவதுமே இராசசிம்மன் படைப்பு என்று 1962-இல் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி வாதிட்டார். இப்படியொரு விவாதம் நடந்ததே நம் கைடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதற்குக் கைடைத் திட்டிப் பயனில்லை. குடும்பம் காருக்குப் போனபின் அவரோடு பேசினோம். "காலைல இருந்து இது மூணாவது பார்ட்டி சார். ஏஜென்ட் குடுக்கறது வண்டிப் பெட்ரோலுக்கே சரியாப் போயிடும். பார்ட்டிய கடைக்கு அழைச்சிட்டுப் போய், அவங்க எதாவது வாங்கினாத்தான் எனக்கு வீட்டுக்கு அரிசி." யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டோம். "எங்க மாமா சொல்றதக் கேட்டுக் கேட்டுத்தான். அவரும் யார்கிட்டயோ கேட்டதுதான்."

நோயின் வேர் இங்கே இருக்கிறது. சுற்றுலாவுக்கு வருகிறவர் கொடுக்கும் பணத்தில் கார்க்காரர் பங்கு தெரிகிறது, ஏஜென்ட் பங்கு தெரிகிறது. கல்லைப் பற்றிச் சொல்கிறவருக்கு மட்டும் தனிக்கூலி இல்லை. கடைக்காரர் தரும் கமிஷன்தான் அவர் சம்பளம். அப்படியானால் சிற்பத்தின் முன் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அவருக்கு நஷ்டம். பூனைக் கேள்விக்குப் பதில் சொன்னால் கடைக்குப் போக நேரம் குறையும். பயணத் திட்டமே அப்படித்தான் போடப்பட்டிருக்கிறது. பதினொரு நிமிடம் என்பது அவருடைய சோம்பல் அல்ல, அந்தக் கணக்கின் விடை.

அவருடைய அப்பா கல் வேலைக்காரர் என்பது பேச்சோடு பேச்சாகத் தெரிந்தது. அப்பா எப்படிக் கல் எடுப்பார் என்று கேட்டதும் அந்த முகமே மாறிவிட்டது. சுத்தியால் தட்டிச் சத்தத்தை வைத்து ஆண் கல், பெண் கல் பிரிப்பது. மணி போல ஒலித்தால் எதற்கு, வேறு மாதிரி ஒலித்தால் எதற்கு. உளிமுனை மழுங்கினால் உலையில் காய்ச்சித் தட்டி, தண்ணீரில் எந்த நிறத்தில் முக்க வேண்டும். ஒரு சில்லு தவறிப் போனால் அப்பா அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தது. கால் மணி நேரம் மூச்சுவிடாமல் பேசினார். இதைப் பார்க்க வருகிறவர்களிடம் சொன்னதுண்டா என்றோம். "இதையெல்லாம் யாரு சார் கேக்கறாங்க?" என்றார்.

ஊருக்குள்ளேயே இருக்கும் அறிவு இப்படி வீணாகிறது என்பதுதான் எங்கள் கவலை. இந்த ஊரில் சிற்பக்கலைக் கல்லூரி 1957 முதல் இயங்குகிறது. ஊரின் கற்சிற்பத்துக்கு 2017-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பல்லவர் காலத்து உளிச்சத்தம் இன்னும் ஓயாத ஒரே உலகப் பாரம்பரியச் சின்னம் இது என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது. அந்தச் சத்தத்தின் நடுவே நின்றுகொண்டு, உளிபிடித்தவரின் மகன் வனவாசக் கதை சொல்லிப் பிழைக்க வேண்டியிருக்கிறது.

அந்த அறிவு பேசாத இடத்தை நிரப்ப வேறு கதைகளும் வந்துவிட்டன. இந்தக் கோயில்களை மனிதக் கை செதுக்கியிருக்க முடியாது, வேற்றுக்கிரகத்தார் இயந்திரம் வைத்து வெட்டியது என்று யூடியூபில் பார்த்த இளைஞர்கள் வந்து அதையே கேட்கிறார்கள். தலையாட்டினால் டிப்ஸ் கிடைக்கிறது. கடற்கரைக் கோயில் போக மீதி ஆறு கோயில் கடலுக்குள் அப்படியே நிற்கிறது என்பது இன்னொன்று. பழைய ஐரோப்பிய மாலுமிகள் இவ்வூரை 'ஏழு கோபுரம்' என்று அழைத்தது உண்மை. கடல்சார் ஆய்வாளர்கள் கடலடியில் செதுக்கிய கற்களையும் சுவர் போன்ற எச்சங்களையும் கண்டதும் உண்மை. ஆறு கோயில் நிற்பதை யாரும் காணவில்லை.

கட்டுக்கதை தேவையே இல்லாத ஊர் இது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்து திரும்பியபோது இங்கே மணலை அரித்துக் கல்லை வெளியே காட்டியது. பக்கத்துச் சாளுவன்குப்பத்தில் தெரிந்த பாறைக் கல்வெட்டுகளைப் பிடித்துக்கொண்டு தொல்லியல் துறை தோண்டியபோது, வடக்கு நோக்கிய ஒரு முருகன் கோயில் கிடைத்தது. பல்லவர் காலக் கட்டுமானத்துக்கு அடியில் அதற்கும் முந்திய செங்கல் கோயில். வாசலில் கல்லில் வடித்த வேல். கடல் அழித்ததைக் கடலே திரும்பக் கொடுத்த இடம் அது. கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மிக அருகில் இருக்கிறது. நாள் சுற்றுலாக் கார்கள் எல்லாம் அதைத் தாண்டித்தான் போகின்றன. நின்று இறங்கிய ஒன்றைக்கூட அன்று நாங்கள் பார்க்கவில்லை.

கல்லுக்கும் சேதம்தான். வெண்ணெய் உருண்டைக் கல்லின் கீழ்ச்சரிவு சறுக்கிச் சறுக்கிக் கண்ணாடிபோல் வழவழத்துவிட்டது. அன்றும் பெரியவர்களே பிள்ளைகளை ஏற்றிவிட்டுச் சறுக்கவிட்டார்கள். சிற்ப யானையின் துதிக்கையில் சாய்ந்து படம் எடுத்தவர்களைக் கூட வந்த கைடு தடுக்கவில்லை. தடுத்தால் பார்ட்டி முகம் சுளிக்குமே. உப்புக்காற்றில் அரிபடும் கடற்கரைக் கோயிலின் மேல் காகிதக் கூழைப் பூசி, கல்லில் ஏறிய உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள் தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவினர். அவ்வளவு பொறுமையாகக் காக்கும் கல்லை இன்னொரு பக்கம் கையாலும் காலாலும் தேய்க்க விடுகிறோம்.

இது சின்ன விஷயம் அல்ல. 1984 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள ஊர். 2019-இல் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் இங்கே சந்தித்தபோது உலகமே இந்தப் பாறைகளைப் பார்த்தது. 2021-22-இல், கட்டணம் வாங்கும் மத்தியத் தொல்லியல் சின்னங்களில் வெளிநாட்டவர் மிக அதிகமாக வந்தது தாஜ்மகாலுக்கு அல்ல, மாமல்லபுரத்துக்கு. வந்தவர் ஏறத்தாழ 1.45 லட்சம் பேர். அவர்கள் எந்தக் கதையோடு ஊர் திரும்பினார்கள்?

சட்டம் இல்லாமலும் இல்லை. பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்குள் காசு வாங்கிக்கொண்டு பார்வையாளரைச் சுற்றிக்காட்டத் தொல்லியல் அதிகாரியின் உரிமம் வேண்டும் என்று 1959-ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டாண்டுச் சிறை, ஒரு லட்சம் அபராதம் வரை போகலாம் என்று 2010-இல் சட்டம் திருத்தப்பட்டது. நாங்கள் நின்ற அந்த ஒரு மணி நேரத்தில் கடந்துபோன கைடுகளில் கழுத்தில் அட்டை தொங்கியவர் இருவர்தான்.

தொல்லியல் துறையும் மாநிலச் சுற்றுலாத் துறையும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு மாதத்தில் தொடங்கக்கூடிய வேலை இது. உரிமம் இல்லாதவர்களை விரட்டுவதில் தொடங்கக் கூடாது. அப்படிச் செய்தால் அரிசி போவது அந்தக் கல் வேலைக்காரர் மகனுக்குத்தான். முதலில் அவரை அழைத்துச் சிற்பக் கல்லூரியில் உட்கார வையுங்கள். கல்வெட்டும் சிற்பமும் படித்தவர்கள் அவருக்கு மூன்று மாதம் சொல்லிக்கொடுக்கட்டும், அந்த மூன்று மாதமும் உதவித்தொகையோடு. அவர் அப்பாவின் உளி அறிவு பாடத்திட்டத்தில் ஏறட்டும். பிறகு அட்டை கொடுங்கள். டிக்கெட் வாங்கும் இடத்தில் இரண்டு மணி நேரத்துக்கு இவ்வளவு, முழுநாளுக்கு இவ்வளவு என்று கைடு கூலியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் பெரிதாக எழுதி வையுங்கள். கடைக் கமிஷனை நம்பியிராத கூலியாக அது இருக்க வேண்டும். அதற்குப் பிறகு அட்டை இல்லாதவரை உள்ளே விடாமல் இருங்கள்.

கார் அமர்த்திப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். புறப்படும் முன் ஏஜென்டிடம் கேளுங்கள்: கைடுக்கு உரிமம் உண்டா, அவருக்கு நேராக எவ்வளவு போகிறது, திட்டத்தில் கடை இருக்கிறதா. கடை வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டு, கடைக் கமிஷனுக்கு ஈடான பணத்தைக் கைடு கையில் கொடுங்கள். சிற்பம் வாங்க ஆசையிருந்தால் அவரையே கேட்டு ஒரு பட்டறைக்கு நடந்து போய், செதுக்கியவரிடமே வாங்குங்கள்.

இன்னொன்று. எட்டரைக்குக் கார் ஏறாதீர்கள். அர்ச்சுனன் தபசு கிழக்குப் பார்த்த பாறை. பதினொரு மணிக்கு வெயில் உச்சியை நெருங்கியதும் நிழல்கள் வற்றி, எல்லா உருவமும் ஒரே சாம்பல் நிறத்தில் தட்டையாகிவிடும். எல்லாக் காரும் வந்து சேருவது அப்போதுதான். விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி, கடலிலிருந்து எழும் வெளிச்சம் நேராகப் பாறையில் விழும் நேரத்துக்குப் போய் நில்லுங்கள். யானையின் வயிற்றுக்கடியில் ஒண்டிக்கிடக்கும் குட்டிகள் முதலில் தெரியும். பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மானைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரம் ஆகும். பூனையைத் தேட வேண்டியதில்லை. குழந்தைகள் அதைத் தாமாகவே கண்டுபிடித்து, ஏன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று கேட்பார்கள். மார்கழியில் நாட்டிய விழாக் கூட்டம் வந்து சேர்வதற்குள், அதற்குப் பதில் சொல்லத் தெரிந்த ஒருவர், அவசரமில்லாத ஒருவர், அந்தப் பாறையடியில் நிற்க வேண்டும்.