யார் யாருக்கு விடுத்த மடல்?

கட்டைபறிச்சானில் என்னிடம் தமிழ் பயில வரும் மாணவர்க்கு அகப்பாட்டொன்றைக் கற்பிக்குமுன், இது யார் கூற்று, யாரை நோக்கியது, எந்நிலையில் எழுந்தது என வினவுவது வழக்கம். துறை அறியாது உரை கூறுவோன் தலைவியின் சொல்லைத் தோழியின் வாயில் வைத்துவிடுவான். இவ்வினாவையே தொடக்ககாலக் கிறித்தவ மடல்களுக்கும் எழுப்புதல் வேண்டும். பழைய மொழிபெயர்ப்பு அவற்றை ‘நிருபம்’ என்றது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் ‘திருமுகம்’ என்கிறது. இரண்டுமே மேலிடத்து ஆணையை நினைவூட்டும் சொற்கள். ஆணையெனக் கொள்வோர், அவை குறித்த மாந்தர்க்குக் குறித்ததோர் இடரில் விடுக்கப்பட்டவை என்பதை மறந்துவிடுகின்றனர்.

பவுல் பிலேமோனுக்கு வரைந்ததைக் காண்க. பிற்காலத்தார் வகுத்த கணக்கில் அது 25 வசனங்களே. சிறையிலிருந்த பவுல், ஒநேசிமு என்னும் அடிமையை ஆண்டையிடம் திருப்பி அனுப்புகிறார். இனி அவனை உடன்பிறப்பாக ஏற்க வேண்டுகிறார். அக்கிரேக்கப் பெயருக்குப் ‘பயனுடையவன்’ என்பது பொருள். முன்னர்ப் பயனற்றிருந்தவன் இப்போது நம்மிருவர்க்கும் பயன்படுவான் என்று பெயரை வைத்தே அவர் நயம்பட உரைப்பது தமிழில் மறைந்துபோயிற்று. அவன் பட்ட கடன் இருப்பின் தாமே தீர்ப்பதாகக் கைப்பட எழுதியும் கொடுக்கிறார். அன்றியும், மடல் பிலேமோன் ஒருவருக்கன்று. அவர் வீட்டிற் கூடும் சபையையும் விளிக்கிறது. அவை நடுவே படிக்கப்படும் ஓலைக்கு இல்லையென மறுத்தல் எளிதோ?

இனி ‘அடிமை’ என்னும் சொல். ஆளோலை காட்டி வழக்காடி இறைவன் சுந்தரரை ஆட்கொண்ட வரலாற்றைப் பெரியபுராணத்திற் கற்றவர்க்கு அது பேறு. உரோமச் சந்தையிலோ அடிமை விலைப்பொருள். கிரேக்க மூலத்தில் ஒன்றேயான சொல், பழைய மொழிபெயர்ப்பின் உரோமர் மடலில் பவுல் தம்மைக் குறிக்குமிடத்து ‘ஊழியக்காரன்’ என்றாகி, ஒநேசிமுவைக் குறிக்குமிடத்து ‘அடிமை’யாகவே நின்றுவிட்டது. ஒநேசிமுவின் பெயரைப் பவுல் தாமே சூடிக்கொண்டார் என்பதைத் தமிழ் வாசகர் எங்ஙனம் அறிவர்?

இது வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அடிமையுடையோரும் அடிமையொழிப்பினரும் இம்மடலையே தத்தம் பக்கம் இழுத்தனர். நம் நாட்டிலும் யாழ்ப்பாணத் தேசவழமை 1707இல் சட்டமானபோது அதில் அடிமைகள் பற்றிய விதிகள் இருந்தன. பிலிப்பு தெ மெல்லோவின் புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பில் அச்சேறியபோதும் இம்மண்ணில் அடிமைகள் இருந்தனர். 1844இல்தான் அம்முறை சட்டத்தால் ஒழிந்தது.

பள்ளிகளில் வசனங்களைத் துண்டு துண்டாக மனனஞ் செய்விப்பதை விடுத்து, முழு மடலையும், அது சென்ற வீட்டின் நிலைமையை விளக்கி, ஓரமர்விற் படிப்பிக்கலாம். சைவப் பிள்ளைகளும் உடனிருந்து கேட்கட்டும்; வாசிக்க ஐந்து நிமிடமும் செல்லாது.