மேசையும் பந்தியும்

பழம்பொருள் விற்போரிடம் ‘துறவிமட மேசை’ என்னும் பெயருக்குத் தனி மதிப்பு உண்டு. நீண்டு ஒடுங்கிய பலகை, கனத்த கால்கள், அவற்றை நிலத்தருகே பிணைக்கும் குறுக்குச் சட்டங்கள், காலத்தாற் கறுத்த ஓக் மரம் என்பன அதன் இலக்கணம். அதனைக் காண்போர், முக்காடிட்ட துறவிகள் வரிசையாக அமர்ந்து உண்ணும் காட்சியை மனத்தில் எழுப்பிக்கொள்கின்றனர். அக்காட்சிக்கே அவர்கள் விலை கொடுக்கின்றனர் என்பது என் கருத்து.

ஆங்கிலேயர் இதனை ‘ரெபெக்டரி’ மேசை என்பர். மீளப் புத்துயிரூட்டுதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையினின்று பிறந்து, மடத்து உணவுக்கூடத்தைக் குறித்த சொல் அது. ஆயின் இங்கிலாந்தின் மடங்களை எட்டாம் ஹென்றி மன்னன் 1536 தொடக்கம் 1540 வரையிற் கலைத்துவிட்டான். இன்று அப்பெயரால் விலைபோகும் ஆங்கில மேசைகளிற் பெரும்பாலானவை அதன் பின்னர்ச் செல்வர் இல்லங்களுக்கெனச் செய்யப்பட்டவை. குடம்போற் பருத்த அவற்றின் கால்கள் முதலாம் எலிசபெத் அரசியின் காலத்து ஆடம்பரத்தையே பேசுவன. அதற்கு முன்னர், மடமாயினும் மாளிகையாயினும், தாங்கிகளின்மேற் பலகையை இட்டு உண்பதே பெருவழக்கு. கென்ற் பகுதியிலுள்ள பென்ஸ்ஹர்ஸ்ற் மாளிகையில் 15 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தகைய மேசைகளை இன்றும் காணலாம்.

அவ்வாறாயின் மடம் நமக்கு விட்டுச்சென்றது யாது? உண்பதற்கு வகுத்த ஓர் ஒழுங்கு எனலாம். தமிழ்க் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என வழங்கும் பெனடிக்ற் முனிவர் 6 ஆம் நூற்றாண்டில் அதனை விதியாக்கினார். துறவிகள் முறைவைத்து ஒருவருக்கொருவர் பரிமாறினர். பந்தியிற் பேச்சில்லை, வேண்டியதைச் சைகையாற் கேட்டனர். வாரத்துக்கு ஒருவராக நியமிக்கப்பட்டவர் நூலொன்றை உரக்கப் படிக்க, ஏனையோர் செவிமடுத்தனர். படித்தவர் பந்தி முடிந்த பின்னரே உண்டார். வயிற்றுக்கும் செவிக்கும் ஒரே வேளையில் உணவு கிடைத்தது.

இதனை மிகைப்படுத்தவும் வேண்டியதில்லை. மடத்தின் தலைவர் விருந்தினரோடு தனி மேசையில் உண்டார்; ஆகவே முழுச் சமத்துவம் அங்கு நிலவியதென்று கூறுதல் பொருந்தாது. பழைய தளபாடத்தின் அழகை விரும்புவதும் குற்றமன்று. பலரை ஒரே பலகையின்முன் அமர்த்தும் மேசை நல்ல மேசையே. ஆயினும் பலகையைத் தேடிப் பொன் கொடுப்போர், அதன் பெயருக்கு மதிப்பளித்த பழக்கத்தை இலவசமாகவே பெறலாம் என்பதை மறந்துவிடுகின்றனர்.

கல்வியைப் பேணும் இல்லங்களில், வாரத்தில் ஒரு நாளேனும் உணவுவேளையில் ஒருவர் சில பக்கங்கள் படிக்கட்டும், மற்றையோர் கேட்கட்டும். படிக்கும் முறை சிறுவருக்கும் வரட்டும்; படித்தவருக்குரிய பங்கு சூடாறாமற் காக்கப்படட்டும். அவ்வீட்டு மேசை எம்மரத்தாற் செய்யப்பட்டதாயினும், அதனைத் துறவிமட மேசை என்று அழைக்க நான் தயங்கேன்.