கல்யாண கேக்குக்கு இன்ஷூரன்ஸ் உண்டா? ரிசப்ஷனில் கேக் சரிந்தால் பணம் யார் தருவார்கள்? முழு விவரம்

முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம். கிறிஸ்தவத் திருமணங்களில் மட்டும் இருந்த கேக் வெட்டும் வழக்கம், இப்போது எல்லோர் வீட்டு ரிசப்ஷன் மேடைக்கும் வந்துவிட்டது. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமல்பட்டி, ஊத்தங்கரை போன்ற சிற்றூர்களும் இதற்கு விலக்கல்ல. மூன்றடுக்கு, நான்கடுக்கு என்று வித்தியாசமான கேக் வேண்டுமென்றால் ஓசூர், ஏன் பெங்களூரு வரைகூட ஆர்டர் போகிறது.

ஆனால், பெங்களூருவிலிருந்து கிருஷ்ணகிரிக்கே சுமார் 90 கி.மீ. அதற்கு மேலும் பயணித்து, வேகத்தடைகளையும் வெயிலையும் தாண்டி கேக் மண்டபம் சேர வேண்டும். வழியில் சரிந்தால்? க்ரீம் உருகினால்? வெளிநாடுகளில் கேக்குக்கே இன்ஷூரன்ஸ் இருக்கிறதாமே, அது இங்கே கிடைக்குமா?

கேக் எப்படி கல்யாணத்துக்கு வந்தது?

இன்றைய அடுக்கு கேக்கின் புகழுக்கு முக்கியக் காரணம் பிரிட்டிஷ் அரச குடும்பம். 1840-ல் நடந்த விக்டோரியா மகாராணியின் திருமணத்தில் வைக்கப்பட்ட கேக்கின் எடை சுமார் 136 கிலோ. அது உலர்பழங்கள் நிறைந்த கெட்டியான கேக். மேல் அடுக்கை எடுத்து வைத்து, முதல் குழந்தையின் ஞானஸ்நானத்தன்று சாப்பிடும் பழக்கம்கூட பிரிட்டனில் உண்டு. அவ்வளவு நாள் கெடாமல் இருக்கும்.

இலங்கையில் இன்னொரு வழக்கம். மேடையில் நிற்கும் அடுக்கு பெரும்பாலும் அலங்காரத்துக்கு மட்டும்தான். உண்மையான கேக், ரவை, முந்திரி, உலர்பழம் சேர்த்துச் செய்து, துண்டு போட்டு, சின்னச் சின்னப் பெட்டிகளில் விருந்தினர் கையில் கொடுக்கப்படும். மேடையில் இருப்பது சரிந்தாலும் யாருக்கும் கேக் இல்லாமல் போகாது.

கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரத்துக்கு வேறொரு கதை. கர்நாடகத்தின் ஹாசன் பகுதியிலிருந்து வந்தவர்கள் பெங்களூருவில் தொடங்கிய ஐயங்கார் பேக்கரிகளின் பெயர்ப் பலகைகளை எல்லைக்கு இந்தப் பக்கமும் பார்க்கலாம். முட்டை சேர்க்காத கேக் என்பதுதான் அவற்றின் அடையாளம். சைவக் குடும்பங்களின் விசேஷங்களுக்குள்ளும் கேக் நுழைய இது வழிவிட்டது.

பழைய பழ கேக் மாதக்கணக்கில் தாங்கும். ஆனால், இன்று ரிசப்ஷனில் வைக்கப்படும் க்ரீம் கேக், ஏசி இல்லாத மண்டபத்தில் சில மணி நேரம் தாங்கினாலே பெரிய விஷயம். இன்ஷூரன்ஸ் கேள்வி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இந்தியாவில் கேக் இன்ஷூரன்ஸ் இருக்கிறதா?

பிரிட்டனில் விற்கப்படும் பல திருமணக் காப்பீட்டு பாலிசிகளில் மண உடை, பரிசுப் பொருள், பூ அலங்காரம் ஆகியவற்றோடு கேக்கும் பட்டியலிலேயே இருக்கும்.

இந்தியாவிலும் ஐசிஐசிஐ லம்பார்ட் உள்ளிட்ட சில பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் திருமணக் காப்பீடு வழங்கி வந்துள்ளன. பொதுவாக அதில் நான்கு பகுதிகள் இருக்கும்:

* தவிர்க்க முடியாத காரணத்தால் திருமணம் ரத்தானால் அல்லது தள்ளிப்போனால் ஏற்படும் நஷ்டம்
* அலங்காரம், பொருட்களுக்குத் தீ, வெள்ளம் போன்றவற்றால் வரும் சேதம்
* விருந்தினருக்கோ மண்டபத்துக்கோ பாதிப்பு ஏற்பட்டால் தர வேண்டிய இழப்பீடு
* மணமக்கள், குடும்பத்தினருக்கான விபத்துக் காப்பீடு

இதில் கேக்குக்கு என்று தனி இடம் பொதுவாக இருப்பதில்லை. பொருள் சேதப் பிரிவில் எழுத்துப்பூர்வமாகச் சேர்த்தால் உண்டு. அப்போதும், தீ, வெள்ளம் போன்ற காரணம் இருந்தால்தான் பேச்சு. வெயிலில் க்ரீம் உருகியது, குழந்தை மேசையை இடித்தது என்றெல்லாம் க்ளெய்ம் வாங்குவது கடினம்.

கணக்கு கட்டுப்படியாகுமா?

10 லட்ச ரூபாய் கல்யாணச் செலவுக்கு பாலிசி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். பிரீமியம் 1 சதவீதம் என்று ஒரு பேச்சுக்குக் கொண்டால் 10,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 11,800 ரூபாய். கேக் 8,000 ரூபாய் என்றால், அதைக் காப்பாற்ற மட்டும் பாலிசி எடுப்பது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான். போதாக்குறைக்கு, க்ளெய்மில் ஆரம்பத் தொகை ஒன்றை நாமே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையும் பல பாலிசிகளில் இருக்கும்.

அப்போ கேக்குக்கு என்ன பாதுகாப்பு?

பில்தான். சரக்கு விற்பனைச் சட்டம் 1930-ன்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பொருளின் உரிமை யாரிடம் இருக்கிறதோ நஷ்டமும் பொதுவாக அவரைச் சேரும். கடையிலேயே கேக்கை வாங்கி உங்கள் காரில் ஏற்றிவிட்டால், வழியில் சரிந்தது உங்கள் பாடு. 'மண்டபத்துக்குக் கொண்டுவந்து, அடுக்கி நிறுத்தித் தர வேண்டும்' என்று ஆர்டரில் எழுதி வாங்கினால், அதுவரை பொறுப்பு பேக்கரியுடையது.

ஆர்டர் சீட்டில் இருக்க வேண்டியவை: எடை, அடுக்கு எண்ணிக்கை, முட்டை சேர்த்ததா இல்லையா, டெலிவரி நேரம், கொண்டுவருவது யார், சேதமானால் மாற்று கேக்கா அல்லது பணமா. கேக் வந்து இறங்கியதும் போட்டோ எடுத்து வைப்பதும் நல்லது.

பேக்கரி கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். அதாவது, பெங்களூரு பேக்கரி மீது புகார் என்றாலும் சாமல்பட்டிக்காரர் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும்.

இன்ஷூரன்ஸ் யாருக்குத் தேவை?

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், அடுத்தடுத்த நாட்களில் உள் மாவட்டங்களைப் புரட்டிப்போட்டது. ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் வெள்ளம் அடித்துச் சென்றதை நாடே பார்த்தது. அது முகூர்த்தங்கள் நிறைந்த கார்த்திகை மாதம்.

அப்படி ஒரு நாளில் கேக் மட்டுமா போகும்? மண்டப அட்வான்ஸ், சமையல் சாமான், பந்தல், வாகனம் என மொத்தமும் போகும். இந்தப் பெரிய நஷ்டத்துக்குத்தான் திருமணக் காப்பீடு. இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு:

* புயல் எச்சரிக்கை வந்தபிறகு எடுக்கும் பாலிசி, அந்தப் புயலுக்குக் கைகொடுக்காது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். பத்திரிகை அடிக்கும்போதே எடுப்பது நல்லது.
* குடும்பத் தகராறு, மனம் மாறி நிறுத்திய திருமணம் ஆகியவற்றுக்கு இழப்பீடு கிடைக்காது.
* மண்டபம், கேட்டரிங், அலங்கார ரசீதுகள் எல்லாம் கையில் இருக்க வேண்டும்.

க்ளெய்மை நிறுவனம் நிராகரித்தாலோ, புகார் கொடுத்து ஒரு மாதமாகியும் பதில் இல்லாவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை (ஆம்புட்ஸ்மேன்) கட்டணமின்றி அணுகலாம். அவர் 50 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு வழங்க உத்தரவிடலாம்.

சுருக்கமாகச் சொன்னால், கேக்குக்கு எழுதி வாங்கிய பில் போதும். மழைக்காலத்தில் கடன் வாங்கிக் கல்யாணம் நடத்தும் குடும்பம் என்றால், பாலிசியைப் பற்றியும் ஒருமுறை விசாரித்துவிடுவது நல்லது.