விசையில் இல்லாத பழுது

ஜோகுபாளையத்தில் நான் குடியிருக்கும் தெருவில், காய்கறி ஏற்றும் பழைய சிறு சரக்கு வண்டி ஒன்று உண்டு. கார்புரேட்டர் காலத்து வண்டி. பின்னாளில் எரிவாயுக் கலனும் பொருத்தப்பட்டது. டேஷ்போர்டில் மூன்று நிலை விசை: பெட்ரோல், நடுநிலை, எரிவாயு. எரிவாயுவில் நன்றாக ஓடும் அவ்வண்டி, பெட்ரோலுக்கு மாற்றினால் நின்றுவிடும். சென்ற மாதம் ஓர் அதிகாலையில் எரிவாயு தீர்ந்து, ஏற்றிய சரக்கோடு வழியில் நின்றது. உரிமையாளருக்கு ஒரு நாள் வருமானம் போயிற்று. கார்புரேட்டரையே மாற்ற வேண்டும் என்றது ஒரு பட்டறை.

அல்சூர்ப் பக்கத்து முதிய மெக்கானிக் ஒருவர் இதை ஏற்கவில்லை. “சாமான் வாங்குறதுக்கு முன்னாடி சத்தத்தைக் கேளுங்க சார்” என்றார். விசையைப் பெட்ரோலுக்குத் தள்ளினால், பெட்ரோல் வழியைத் திறக்கும் சொலினாய்டு வால்வு ‘டிக்’ என்று ஒலிக்க வேண்டும், ஒலிக்கவில்லை. ஃபியூஸைப் பார்த்தார், நன்றாக இருந்தது. வால்வுக்கு வரும் கம்பியில் சோதனை விளக்கை வைத்தார், எரிந்தது. ஆகவே விசையும் ஃபியூஸும் குற்றமற்றவை. வால்வின் எர்த் முனையைத் தனிக் கம்பியால் பேட்டரியோடு இணைத்தார், ‘டிக்’ கேட்டது. எர்த் இணைப்பு துருப்பிடித்திருந்தது.

அத்துடன் முடியவில்லை. பெட்ரோல் வந்தும் இன்ஜின் தடுமாறியது. எரிவாயு மலிவு என்பதால் மாதக்கணக்கில் பெட்ரோல் பயன்படவில்லை. மிதவைக் கிண்ணத்தில் எஞ்சியது பிசினாகி ஜெட்டுகளை அடைத்திருந்தது. கழுவியதும் ஓடியது. முதலிலேயே கார்புரேட்டரை மாற்றியிருந்தால், வால்வு மூடியே இருந்திருக்கும். பணம் போயும் பழுது நீங்கியிராது.

எரிவாயுக் குழாய்களை அவர் தொடவே இல்லை. அது உரிமம் பெற்ற நிலையத்தின் வேலை என்றார். காற்றைவிடக் கனமான அவ்வாயு கசிந்தால் தாழ்ந்த இடத்தில் தேங்கும் என்பதை அவர் அறிவார். தன் எல்லையை அறிவதும் அறிவின் பகுதிதான்.

இதை ஏன் ஆய்வுலக நண்பர்களுக்கு எழுதுகிறேன்? செலவற்ற சோதனையிலிருந்து செலவுள்ள சோதனைக்குப் போவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, விலக்கப்பட்டதை மீண்டும் சந்தேகிக்காதிருப்பது ஆகியவற்றையே நாம் ‘ஆய்வு முறையியல்’ என்ற அத்தியாயத்தில் எழுதுகிறோம். அமெரிக்காவில் 1980களின் இரட்டை டாங்கி ஃபோர்டு பிக்கப்புகளிலும் இதே ஒழுங்கு பொருந்தும். அங்கே மாற்று வால்வு, எரிபொருளை அனுப்பும் வழியோடு திரும்பும் வழியையும் மாற்றுகிறது. திரும்பும் வழி மட்டும் மாறாவிட்டால், ஒரு டாங்கி காலியாக மற்றது நிரம்பி வழியும். டாங்கியைப் பார்த்தால் காரணம் தெரியாது. ஓட்டத்தைத் தொடர்ந்தால்தான் தெரியும்.

ஒளிநகல் இயந்திரம் பழுதுபார்ப்போர் தமக்குள் பேசிக்கொள்ளும் கதைகளை ஆராய்ந்து, ஜூலியன் ஆர் 1996இல் ஒரு நூலே வெளியிட்டார். 1909 முதல் இந்திய அறிவியல் கழகம் இயங்கும் நகரம் இது. 1951இல் தொடங்கிய மைக்கோ இந்நகரின் ஆடுகோடியில் எரிபொருள் பம்புகள் செய்தது. ஆயினும் நம் தெருப் பட்டறைகளின் நோயறி முறையைத் தமிழில் எழுதிவைக்க நாம் முனைந்ததில்லை.

கால அவகாசமும் குறைவு. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். அதற்கென உருவாக்கப்படாத பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும். பழைய வண்டிகளுக்குப் புதிய பழுதுகள் வரும். அவற்றைச் செவியால் அறிவோரோ முதுமை அடைகிறார்கள்.

பொறியியல் மாணவர்களும் தமிழ்த்துறை மாணவர்களும் இணைந்து, ஆளுக்கொரு பட்டறையில் ஒரு வாரம் அமர்ந்து, ஒரு பழுதையாவது அது கண்டறியப்பட்ட வரிசையில், பட்டறையின் சொற்களிலேயே பதிவு செய்ய வேண்டும் என்பது என் வேண்டுகோள். சொல்பவர் இசைந்தால், அவர் பெயரும் ஆசிரியராக இடம்பெறட்டும்.