எஜமானர் இல்லாத உத்தியோகம்

தர்மபுரி ஜில்லாவில் ஒரு பையன் பட்டம் பெற்று வீடு திரும்பினால், ஊரார் அவனிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எங்கே வேலை?" இதற்கு இரண்டு விடைகளே இதுகாறும் வழக்கத்தில் இருந்தன. "சர்க்கார் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன்" என்பது ஒன்று. "பெங்களூரில்" என்பது மற்றொன்று. முதல் விடையைக் கேட்டவர்கள் அனுதாபத்துடன் தலையை ஆட்டுவார்கள். இரண்டாவது விடையைக் கேட்டவர்கள் சம்பளம் எவ்வளவு என்று விசாரிப்பார்கள்.

சமீப காலமாக மூன்றாவது விடை ஒன்றும் காதில் விழுகிறது. "வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன், எந்தக் கம்பெனியிலும் இல்லை" என்று சில வாலிபர்களும் பெண்களும் சொல்லுகிறார்கள். பென்னாகரத்திலும் அரூரிலும் வீட்டுக் கூடத்தில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஒருவர் மொழிபெயர்க்கிறார். ஒருவர் புத்தகங்களுக்குப் படம் வரைகிறார். இன்னொருவர் கண்ணால் காணாத ஒரு வியாபாரிக்குக் கணக்கு எழுதுகிறார். கேட்டவர்களுக்கு இதற்கு என்ன மறுமொழி சொல்வதென்று தெரிவதில்லை. பெற்றோருக்கோ, பிள்ளை வேலையில் இருக்கிறானா, வேலையில்லாமல் இருக்கிறானா என்பதே சந்தேகம். சம்பந்தம் பேச வருகிறவர்கள் "எஜமானர் யார்?" என்று கேட்டால் யாரைக் கை காட்டுவது?

இந்தச் சுயேச்சைத் தொழிலைப் பற்றி இவ்வாரம் சிறிது ஆராய்வோம்.

முதலாவது, இது புதிய தொழில் முறை அன்று. திரௌபதியம்மன் திருவிழாவுக்குப் பாரதக் கூத்து வைக்கும் ஊரார் கூத்து வாத்தியாரைத் தேடிச் சென்று, வெற்றிலை பாக்கின் மேல் அச்சாரம் வைத்துக் கொடுத்துத் தேதியை உறுதி செய்துகொள்கிறார்கள். அச்சாரம் வாங்கிய வாத்தியார், பக்கத்து ஊரார் அதே இரவுக்கு அதிகப் பணம் தருவதாகச் சொன்னாலும் போகமாட்டார். ஊரார் மனம் மாறினால் அச்சாரத்தைத் திரும்பக் கேட்கமாட்டார்கள். கலியாணச் சமையற்காரரைப் பாருங்கள். எத்தனை இலை, எத்தனை வேளை, என்னென்ன பலகாரம் என்று கேட்டுக்கொள்ளாமல் அடுப்பு மூட்டும் சமையற்காரர் உண்டா? நூறு இலைக்குப் பேசிவிட்டு இருநூறு பேரை உட்கார வைத்தால் கூலியும் கூடும் என்பதை இரு தரப்பாரும் அறிவார்கள். எஜமானரும் இல்லை, மாதச் சம்பளமும் இல்லை. ஆயினும் தொழில் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது.

படித்தவர்களிலும் இவ்வகையார் உண்டு. வக்கீல் யாருக்கு வேலைக்காரர்? தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜி சேலத்தில் வக்கீலாகப் பேரும் பொருளும் சம்பாதித்தது கட்சிக்காரர்களின் நம்பிக்கையினால்தான். (2004-ல் கிருஷ்ணகிரி ஜில்லா பிரியும் வரையில் தொரப்பள்ளியும் நம் ஜில்லாவைச் சேர்ந்தே இருந்தது.) ஒத்துழையாமை இயக்கம் வந்தபோது அவர் அந்தத் தொழிலை உதறினார். உதறுவதற்கு எவருடைய உத்தரவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

ஆனால் இத்தொழில் முறையின் நெளிவு சுளிவுகளை ஆதியோடந்தமாகக் கற்க வேண்டுமானால், ராஜாஜி யாரைப் பின்பற்றி வக்கீல் தொழிலை விட்டாரோ அந்த மகாத்மாவின் 'சத்திய சோதனை'யைத்தான் புரட்ட வேண்டும். தேச விடுதலைக்காக அதைப் படித்தவர்கள் பலர். பிழைப்புக்கு வழி தேடும் வாலிபனும் அதைப் படிக்கலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

1891-ல் பாரிஸ்டராகி லண்டனிலிருந்து திரும்பிய காந்திக்குப் பம்பாயில் கிடைத்த முதல் வழக்குக்குக் கட்டணம் முப்பது ரூபாய். தரகருக்குக் கமிஷன் கொடுக்க அவர் மறுத்துவிட்டார். வழக்கு நாளன்று குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவருக்குத் தலை சுற்றியது; நா எழவில்லை. உட்கார்ந்துவிட்டார். வேறு வக்கீலை அமர்த்திக்கொள்ளும்படி சொல்லிக் கட்டணத்தையும் திருப்பிக் கொடுத்தார். பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் தினம் ஒரு மணி நேரம் ஆங்கிலம் கற்பிக்க மாதம் எழுபத்தைந்து ரூபாய் என்ற விளம்பரத்தைப் பார்த்து மனுப்போட்டார். பட்டதாரி அல்லர் என்று அதுவும் கிடைக்கவில்லை. உபாத்தியாயர் கூட்டத்தில் ஒருவர் குறைந்தார், தேசத்துக்கு லாபம்! ராஜ்கோட்டுக்குப் போய் மனுக்கள் எழுதிக் கொடுத்து மாதம் முந்நூறு ரூபாய் அளவில் சம்பாதித்தார். அதுவும் செல்வாக்கினால் வந்த வேலை என்று அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். தொடக்கத்தில் தடுமாறும் நம் பிள்ளைகள் இதைப் படித்து ஆறுதல் கொள்ளலாம்.

1893-ல் தாதா அப்துல்லா கம்பெனியார் அவரைத் தென்னாப்பிரிக்காவுக்கு அழைத்தார்கள். ஒரு வருஷத்துக்கு மேற்படாத வேலை. முதல் வகுப்புப் போக்குவரத்துச் செலவும், 105 பவுன் ஊதியமும். வழக்கோ முழுக்க முழுக்கக் கணக்கு வழக்கு. அவருக்குக் கணக்குத் தெரியாது. தெரிந்தாற்போல் தலையாட்டிக்கொண்டிருக்காமல், கணக்கு எழுதும் முறையைப் பற்றிய புஸ்தகம் ஒன்றை வாங்கிப் படித்துக் கற்றுக்கொண்டார். அப்பால், வழக்கு வளர்ந்தால் இரு தரப்பாரும் வக்கீல் செலவில் அழிந்துபோவார்கள் என்று கண்டு, இருவரையும் மத்தியஸ்தத்துக்கு இணங்கச் செய்தார். தீர்ப்பு அவர் கட்சிக்குச் சாதகமாயிற்று. எதிரி 37,000 பவுனும் செலவும் கொடுக்க வேண்டும். ஒரே தவணையில் கொடுத்தால் எதிரி இன்ஸால்வெண்டு ஆக நேரும். ஆகவே பல தவணைகளில் வாங்கிக்கொள்ளும்படி தம் கட்சிக்காரரையே வேண்டி இணங்கச் செய்தார். கட்சிக்காரர் சொன்னதைச் செய்வது மட்டும் தொழில் அன்று. அவருக்கு எது நன்மையோ அதை அவருக்கு எடுத்துச் சொல்வதும் தொழிலைச் சேர்ந்ததே.

வருஷம் முடிந்து ஊர் திரும்ப வேண்டியவரை, பொதுக் காரியத்துக்காக இருக்கும்படி டர்பன் இந்தியர்கள் கேட்டுக்கொண்டார்கள். எப்படி ஜீவிப்பது? பொதுச் சேவைக்குச் சம்பளம் வாங்க அவர் சம்மதிக்கவில்லை. சம்பளம் வாங்கினால், வேண்டிய சமயத்தில் அவர்களிடமே கண்டிப்பாகப் பேச முடியாது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. குடித்தனம் நடத்த வருஷத்துக்கு 300 பவுன் வேண்டும் என்று கணக்குச் சொன்னார். சுமார் இருபது வியாபாரிகள் தங்கள் வழக்கு வேலைகளுக்காக ஒரு வருஷத்துக்கு முன்பணம் கொடுத்து அவரை அமர்த்திக்கொண்டார்கள்.

இந்த "இருபது" என்ற எண்ணைச் சுயேச்சைத் தொழில் செய்யும் ஒவ்வொருவரும் மேஜைக்கு எதிரே எழுதி ஒட்டிக்கொள்ளலாம். ஒருவர் முந்நூறு பவுனையும் கொடுத்திருந்தால் காந்தி அவருடைய உத்தியோகஸ்தராகியிருப்பார். இருபது பேர் கொடுத்ததனால் அவர் எவருக்கும் உத்தியோகஸ்தர் அல்லர், எல்லாருக்கும் வக்கீல்.

நம்மிடம் படித்த பெண் ஒருத்தி நன்றாகப் படம் வரைவாள். வெளியூர்க் கம்பெனி ஒன்று அவளுக்குப் பிள்ளைகள் புத்தகங்களுக்குப் படம் போடும் வேலை கொடுத்தது. வேலை ஓயாமல் வந்தது. வேறு யார் கேட்டாலும் "நேரமில்லை" என்று சொல்லிவிட்டாள். ஒரு வருஷம் சென்றது. முதலில் பணம் பத்து நாள் தாமதமாயிற்று. பிறகு ஒரு மாதம். "முகத்தை மாற்று, சட்டையின் நிறத்தை மாற்று" என்று ஒரே படத்தை ஆறு தடவை வரையச் சொன்னார்கள். மறுத்தால் வேலை போய்விடுமே என்று வரைந்தாள். இறுதியில் மூன்று மாதப் பணம் நின்றுபோய், கடிதத்துக்குப் பதிலும் இல்லை. அவளுடைய கைத்திறனில் குறை ஒன்றும் இல்லை. எஜமானர் வேண்டாம் என்று புறப்பட்டவள், சம்பளம் கொடுக்காத எஜமானர் ஒருவரைத் தானாகவே ஏற்படுத்திக்கொண்டாள். அதுதான் நேர்ந்த பிழை. இப்போது ஐந்து இடங்களுக்கு வரைகிறாள். அச்சாரம் வாங்காமல் பென்சிலைத் தொடுவதில்லை.

அச்சாரம் கேட்க வெட்கப்படுவது படித்தவர்களுக்கு மட்டும் உள்ள வியாதி. கூத்து வாத்தியாருக்கு அது கிடையாது. எத்தனை படம், எந்தத் தேதி, எத்தனை தடவை திருத்தம், திருத்தம் அதற்கு மேற்பட்டால் எவ்வளவு, பணம் எப்போது என்பதை வேலை தொடங்குமுன் எழுத்தில் வாங்கிக்கொள்வது அவமதிப்பு ஆகாது. சமையற்காரர் "எத்தனை இலை?" என்று கேட்பதைப் போன்றதே அது.

சட்டத்திலும் ஒரு துணை இருக்கிறது. 2006-ல் இயற்றிய குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, குறுந்தொழில் அல்லது சிறுதொழிலாகப் பதிந்துகொண்டவருக்குச் சேர வேண்டிய பணத்தை ஒப்பந்தத்தில் கண்ட கெடுவுக்குள் கொடுத்துவிட வேண்டும்; அந்தக் கெடுவும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தவறினால், ரிசர்வ் பாங்கு அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி சேரும். வீட்டிலிருந்து தனியாகத் தொழில் செய்பவரும் 'உத்யம்' என்ற பதிவைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். வேலையை ஒப்புக்கொள்ளுமுன் பதிந்துகொள்வது உத்தமம். அயல் நாட்டுக் கட்சிக்காரரிடம் இந்தச் சட்டம் செல்லாது. அங்கே அச்சாரமே சட்டம்.

இவை நம் பக்கத்து உரிமைகள். நம் பக்கத்துக் கடமை ஒன்றும் உண்டு. காந்தி நடத்திய மற்றொரு வழக்கில், மத்தியஸ்தர்களின் கணக்கில் அவருடைய கட்சிக்காரருக்கு அனுகூலமாக ஒரு தவறு நேர்ந்திருந்தது. வரவு பற்று மாறி விழுந்திருந்தது. எதிரி அதைக் கவனிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பதே வக்கீலின் கடமை என்றார் பெரிய வக்கீல். காந்தி கட்சிக்காரரிடமே எடுத்துச் சொல்லி, அவர் சம்மதத்தைப் பெற்று, கோர்ட்டில் தவறை ஒப்புக்கொண்டார். நீதிபதிகள் முதலில் சந்தேகப்பட்டார்கள். பிறகு தவறைத் திருத்தித் தீர்ப்பை நிலைநிறுத்தினார்கள். வெள்ளிக்கிழமை முடியாத வேலையை முடியும் என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளும் வாலிபர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். "முடியாது, செவ்வாய்க்கிழமை ஆகும்" என்று புதன்கிழமையே சொல்பவனிடம் கட்சிக்காரர் மறுபடியும் வருவார். கெட்ட செய்தியைக் கடைசியில் சொல்பவனிடம் வரமாட்டார். சம்பளக்காரன் ஒரு நாள் பொய் சொன்னாலும் மாத முடிவில் சம்பளம் வந்துவிடும். சுயேச்சைத் தொழிலாளிக்குச் சொல் போனால் தொழிலே போய்விடும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையிடம் "எஜமானர் யார்?" என்று கேட்க வேண்டாம். கட்சிக்காரர்கள் எத்தனை பேர், அச்சாரம் வாங்கினாயா, கடைசியாகப் பணம் வந்தது எப்போது என்று மூன்று கேள்விகள் கேட்டால் போதும். விடை நன்றாயிருந்தால் பிள்ளை உத்தியோகத்தில் இருக்கிறான் என்று தைரியமாகச் சொல்லலாம். விடை நன்றாயில்லாவிட்டால், பெங்களூர்ப் பஸ் நம் ஊரிலிருந்து எங்கும் போய்விடாது.

டர்பனில் காந்தி தங்குவதென்று ஏற்பட்டபோது, தாதா அப்துல்லா சேட் வழியனுப்பும் சமயத்தில் கொடுக்க எண்ணியிருந்த வெகுமதிக்குப் பதிலாக, வீட்டுக்கு வேண்டிய மேஜை நாற்காலிகளை வாங்கிக் கொடுத்தார். பெங்களூருக்குப் பெட்டி கட்டிக் கொடுக்கப் பணம் எடுத்து வைத்திருக்கும் பெற்றோர், பிள்ளையின் மூன்று விடைகளும் சரியாயிருந்தால், அந்தப் பணத்தில் ஒரு மேஜையும் நாற்காலியும் வாங்கிக் கூடத்தில் போடலாம்.